ஆபீஸ் கம்ப்யூட்டரில் பிரின்ட் கொடுத்தால் வீட்டில் வரவில்லை, கோவையில் வருகிறது

கோபி_கணக்கர் | திங்கள், இரவு 9.40

வணக்கம். யாராவது வழி சொன்னால் பெரிய உதவி.

கோயம்புத்தூரில் ஓர் ஆடிட்டர் அலுவலகத்தில் கணக்கு பார்க்கிறேன். குழந்தை பிறந்த பிறகு ஆறு மாதமாகக் கோபிசெட்டிபாளையத்தில் அம்மா வீட்டிலிருந்தே வேலை. வீட்டு லேப்டாப்பில் விண்டோஸ் 11 ஹோம். முதலில் விபிஎன் (ஆபீஸ் நெட்வொர்க்குக்குள் போகும் மறையாக்கப்பட்ட இணைப்பு) போட்டு, பிறகு ரிமோட் டெஸ்க்டாப்பில் ஆபீஸில் இருக்கும் என் கம்ப்யூட்டருக்குள் நுழைவேன். டாலி, எக்செல், வரி மென்பொருள் எல்லாம் அங்கேதான். லேப்டாப்பில் ஒன்றுமே கிடையாது.

கோபியைச் சுற்றி எங்களுக்கு ஏழெட்டு வாடிக்கையாளர்கள் இருக்கிறார்கள். மாதாமாதம் வங்கிக்குப் போகிற ஸ்டாக் ஸ்டேட்மென்டில் (சரக்கிருப்பு அறிக்கை) முதலாளியின் கையெழுத்தும் சீலும் வேண்டும். நானே வீட்டில் அச்சடித்து நேரில் எடுத்துப் போனால் அரை மணி நேரத்தில் முடிந்துவிடும். அதற்காகவே ஓர் இங்க் டேங்க் பிரின்டர் வாங்கி வைஃபையில் இணைத்து வைத்தேன்.

நேற்று ஓர் அரிசி ஆலையின் சம்பளப் பட்டியல், 14 பக்கம், பிரின்ட் கொடுத்தேன். வீட்டுப் பிரின்டர் அசையவே இல்லை. கொஞ்ச நேரத்தில் ஆபீஸிலிருந்து போன். "அக்கா, யாரோட சம்பளப் பட்டியல் இது? இங்க வந்து கொட்டிட்டு இருக்கு." அந்தப் பிரின்டர் இருப்பது வரவேற்பு மேஜைக்குப் பக்கத்தில். வந்து காத்திருப்பவர்கள் அத்தனை பேர் கண்ணிலும் படும் இடம். எனக்கு வயிற்றைக் கலக்கிவிட்டது.

ஆபீஸ் கம்ப்யூட்டரின் பட்டியலில் வீட்டுப் பிரின்டரின் பெயரே இல்லை. 10ஆம் தேதிக்குள் நான்கு ஸ்டேட்மென்ட் கொடுத்தாக வேண்டும்.

---

புதுக்கோட்டை_டெக் | திங்கள், இரவு 10.05

பிரின்டரின் டிரைவரை (கம்ப்யூட்டரைப் பிரின்டரோடு பேச வைக்கும் மென்பொருள்) எடுத்துவிட்டுப் புதிதாகப் போட்டுப் பாருங்கள். ஆபீஸ் கம்ப்யூட்டரிலும் அதே டிரைவரைப் போடுங்கள். எனக்கு அப்படித்தான் சரியானது.

---

பழைய_அட்மின் | திங்கள், இரவு 10.50

சகோதரி, தயவுசெய்து இப்போதைக்கு டிரைவரில் கை வைக்காதீர்கள். புதுக்கோட்டை நண்பர் நல்ல எண்ணத்தில்தான் சொல்கிறார். ஆனால் எங்கே அறுந்திருக்கிறது என்று தெரியாமல் டிரைவரை மாற்றினால், இருக்கிற ஒரு பிரச்சினை இரண்டாகிவிடும். இருபது வருடம் அலுவலகங்களுக்கு இந்த வேலை பார்த்தவன் என்பதால் சொல்கிறேன்.

உங்கள் தாள் போக வேண்டிய பாதையை முதலில் பார்ப்போம். ரிமோட் டெஸ்க்டாப்பில் நீங்கள் காண்பது கோவையில் ஓடும் கம்ப்யூட்டரின் திரையை. அங்கே பிரின்ட் கொடுத்தால் அந்த வேலை கோவையில்தான் உருவாகும். அது நீங்கள் உள்ளே போன அதே இணைப்பில் திரும்பிப் பயணம் செய்து உங்கள் லேப்டாப்புக்கு வர வேண்டும். லேப்டாப் அதை வாங்கி வீட்டுப் பிரின்டரிடம் கொடுக்க வேண்டும். ஆக மூன்று கை மாறுகிறது: டாலியிடமிருந்து ஆபீஸ் விண்டோஸுக்கு, அங்கிருந்து உங்கள் லேப்டாப்புக்கு, லேப்டாப்பிலிருந்து பிரின்டருக்கு. எந்தக் கையில் விழுந்தது என்று பார்க்கக் கடைசிக் கையிலிருந்து பின்னோக்கிப் போவதுதான் சுலபம்.

முதலில், விபிஎன் ஓடிக்கொண்டிருக்கும்போதே, ரிமோட்டுக்குள் போகாமல், லேப்டாப்பின் நோட்பேடில் நாலு வார்த்தை அடித்து பிரின்ட் கொடுங்கள். பிறகு விபிஎன்னை அணைத்துவிட்டு அதையே செய்யுங்கள். இரண்டிலும் என்ன நடந்தது என்று எழுதுங்கள்.

அப்புறம் ரிமோட் டெஸ்க்டாப்பைத் திறந்து, கனெக்ட் அழுத்துவதற்கு முன்னால் 'ஷோ ஆப்ஷன்ஸ்', அதில் 'லோக்கல் ரிசோர்சஸ்' பக்கம். கீழே 'பிரின்டர்ஸ்' என்ற கட்டத்தில் டிக் இருக்கிறதா? உள்ளே நுழைந்த பிறகு இதை மாற்ற முடியாது. வெளியே வந்து மாற்றி மறுபடி நுழைய வேண்டும்.

---

கோபி_கணக்கர் | செவ்வாய், காலை 6.20

சார், குழந்தை எழுவதற்குள் செய்து பார்த்தேன்.

விபிஎன் இல்லாமல் நோட்பேட் உடனே அச்சாகிறது. விபிஎன் போட்டதும் பிரின்டர் 'ஆஃப்லைன்' என்று சாம்பல் நிறமாகிவிடுகிறது. விபிஎன்னை அணைத்ததும் அந்தக் காத்திருந்த தாள் தானாக வந்து விழுந்தது!

'பிரின்டர்ஸ்' கட்டத்தில் டிக் ஏற்கனவே இருக்கிறது.

---

பழைய_அட்மின் | செவ்வாய், காலை 8.15

நல்ல சோதனை. ஒரு முடிச்சு கிடைத்துவிட்டது.

உங்கள் வீட்டில் லேப்டாப், பிரின்டர், போன் எல்லாம் ரவுட்டர் கொடுத்த 192.168 என்று தொடங்கும் எண்களில் இருக்கும். சாதாரணமாக லேப்டாப் பிரின்டரிடம் நேராகப் பேசும். பல அலுவலகங்களின் விபிஎன், லேப்டாப்பிலிருந்து கிளம்பும் எல்லாவற்றையும் சுரங்கத்துக்குள் தள்ளி அலுவலகத்துக்கே அனுப்பிவிடும். இதை ஃபுல் டனல் என்பார்கள். அப்போது பக்கத்து அறையில் இருக்கும் பிரின்டருக்குப் போக வேண்டிய செய்தியும் கோவைக்குப் போய், அங்கே அப்படியொரு பிரின்டர் இல்லாமல் தொலைந்துபோகிறது. லேப்டாப் பாவம், 'ஆஃப்லைன்' என்று சொல்கிறது.

சில விபிஎன் செயலிகளில் 'அலோ லோக்கல் லேன் ஆக்சஸ்' என்று ஒரு கட்டம் உண்டு. அதில் டிக் போட்டால் வீட்டு நெட்வொர்க் மட்டும் சுரங்கத்துக்கு வெளியே நிற்கும். ஆனால் அலுவலகத்தில் அனுமதி கொடுத்திருந்தால்தான் அந்த டிக் வேலை செய்யும். அலுவலகம் அதை மூடி வைத்திருந்தால் அதற்குக் காரணம் இருக்கும். குறுக்கு வழியில் திறக்க வேண்டாம்.

உங்களுக்கு இதைவிட நேரான வழி யூஎஸ்பி கேபிள். யூஎஸ்பியில் போகும் தாள் நெட்வொர்க்கைத் தொடுவதே இல்லை. விபிஎன் என்ன செய்தாலும் கவலை இல்லை.

---

புதுக்கோட்டை_டெக் | செவ்வாய், காலை 8.40

ஆமாம், அட்மின் சார் சொல்வது சரி. பிரின்டரில் பின்பக்கம் சதுரமாக இருக்கும் யூஎஸ்பி துளைக்கு ஏற்ற கேபிள் எந்தக் கம்ப்யூட்டர் கடையிலும் கிடைக்கும். ஒன்றரை மீட்டர் போதும். ஏற்கனவே வைஃபையில் போட்ட பிரின்டரை அப்படியே விட்டுவிட்டு, யூஎஸ்பியில் இன்னொரு முறை சேர்த்துவிடுங்கள். பட்டியலில் இரண்டாகத் தெரியும். யூஎஸ்பி பெயரை டீஃபால்ட், அதாவது தானாகத் தேர்வாகும் பிரின்டர், ஆக்குங்கள்.

---

தணிக்கை_துணை | செவ்வாய், முற்பகல் 11.30

எதற்கு இவ்வளவு சுற்று? ஆபீஸ் கம்ப்யூட்டரில் பிடிஎஃப் ஆகச் சேமித்து, உங்கள் சொந்த வாட்ஸ்அப்புக்கே அனுப்பி, போனிலிருந்து பிரின்ட் எடுங்கள். நான் மூன்று வருடமாக அப்படித்தான் செய்கிறேன்.

---

பழைய_அட்மின் | செவ்வாய், மதியம் 1.10

நண்பரே, இதில் நான் உடன்படவில்லை. காரணம் சொல்கிறேன்.

சம்பளப் பட்டியலில் ஐம்பது பேரின் பெயர், வங்கிக் கணக்கு எண், பிஎஃப் எண் இருக்கும். வரித் தாளில் பான் எண் இருக்கும். வாட்ஸ்அப்பில் அனுப்பியதும் அதன் ஒரு நகல் போனில் உட்காருகிறது. போனின் பேக்கப் ஓடினால் இன்னொரு நகல் எங்கேயோ போய்ச் சேருகிறது. வேலை முடிந்ததும் இவற்றைத் தேடி அழிப்பவர்களை நான் பார்த்ததில்லை. வீட்டில் குழந்தைகள் விளையாடுவதும் அதே போனில்தான். டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023இலேயே நாடாளுமன்றத்தில் நிறைவேறிவிட்டது. சட்டத்தை விடுங்கள். அந்த ஆலையில் மூட்டை தூக்குகிறவருடைய சம்பள விவரத்தை நம்மை நம்பித்தானே கொடுத்திருக்கிறார்கள்.

ரிமோட் டெஸ்க்டாப் வழியாக வரும் பிரின்ட், மறையாக்கப்பட்ட அதே இணைப்பில் வருகிறது. அச்சானதும் ஸ்பூலர் என்ற அச்சு வரிசையிலிருந்து போய்விடுகிறது. வழியில் வேறெங்கும் நகல் தங்குவதில்லை.

---

தணிக்கை_துணை | செவ்வாய், மதியம் 2.25

நீங்கள் சொல்வது நியாயம்தான், மறுக்கவில்லை. ஆனால் கடைசித் தேதியன்று இரவு பதினோரு மணிக்கு எந்த அட்மின் போன் எடுக்கிறார்? அப்போது வேலை நிற்க முடியாது. அதற்கும் ஒரு வழி சொல்லுங்கள்.

---

பழைய_அட்மின் | செவ்வாய், மதியம் 3.00

நல்ல கேள்வி. அதற்கும் வழி உண்டு, வாட்ஸ்அப் இல்லாமலே.

பிரின்டர் கட்டம் இருந்த அதே 'லோக்கல் ரிசோர்சஸ்' பக்கத்தில் 'மோர்' என்று ஒரு பொத்தான். அதில் 'டிரைவ்ஸ்' கீழே உங்கள் லேப்டாப்பின் டிரைவைத் தேர்ந்தெடுத்து நுழையுங்கள். பென்டிரைவ் ஒன்றை மட்டும் காட்டினால் இன்னும் நல்லது. லேப்டாப் முழுவதையும் ஆபீஸ் பக்கம் திறந்து வைக்க வேண்டியதில்லை. உள்ளே போனதும் 'திஸ் பிசி'யில் உங்கள் லேப்டாப்பின் பெயரோடு அந்த டிரைவ் தெரியும். ஆபீஸில் 'மைக்ரோசாஃப்ட் பிரின்ட் டு பிடிஎஃப்' கொடுத்து அங்கே சேமித்துவிட்டு, லேப்டாப்பிலிருந்து அச்சடியுங்கள். முடிந்ததும் கோப்பை அழித்துவிடுங்கள்.

அலுவலகம் டிரைவையும் தடுத்து வைத்திருந்தால், வெளியே எதுவும் போகக் கூடாது என்று முடிவு செய்திருக்கிறார்கள் என்று பொருள். அப்போது பகலிலேயே கேட்டு அனுமதி வாங்கி வைப்பதுதான் வழி. எழுத்தில் வாங்கி வையுங்கள்.

---

கோபி_கணக்கர் | செவ்வாய், இரவு 8.55

கேபிள் வாங்கிப் போட்டுவிட்டேன். விபிஎன் ஓடும்போதே லேப்டாப்பிலிருந்து அச்சாகிறது. இந்தப் பக்கம் சரி.

ஆனால் ரிமோட்டுக்குள் போனால் பட்டியலில் இன்னும் வரவில்லை. ஆபீஸ் லேசர் பிரின்டர், பிடிஎஃப், ஃபேக்ஸ், இவ்வளவுதான் இருக்கிறது. இரண்டு முறை சைன் அவுட் செய்து நுழைந்து பார்த்துவிட்டேன்.

---

பழைய_அட்மின் | செவ்வாய், இரவு 10.30

அப்படியானால் அறுந்திருப்பது நடுக் கை. ஆபீஸ் கம்ப்யூட்டரில் பார்க்க வேண்டும். இதற்கு அட்மின் உரிமை தேவைப்படலாம். ஆபீஸில் உங்கள் கம்ப்யூட்டர் வேலைகளைப் பார்ப்பவரிடம் கீழே இருப்பதை அப்படியே காட்டுங்கள்.

ஒன்று, சர்வீஸ். ஸ்டார்ட் மெனுவில் 'சர்வீசஸ்' என்று தேடித் திறந்தால் நீண்ட பட்டியல் வரும். அதில் 'ரிமோட் டெஸ்க்டாப் சர்வீசஸ் யூசர்மோட் போர்ட் ரீடைரக்டர்' என்று ஒன்று. வெளியிலிருந்து வருகிறவரின் பிரின்டரை உள்ளே கொண்டுவருவது இதன் வேலை. கம்ப்யூட்டர் வேகமாக ஓட வேண்டும் என்று தேவையில்லாத சர்வீஸ்களை நிறுத்துகிறவர்கள் பெரும்பாலும் முதலில் நிறுத்துவது இதைத்தான். பெயரைப் பார்த்தால் என்னவென்று புரியாது, பாருங்கள். இது ஓடுகிறதா, 'டிசேபிள்ட்' ஆகிக் கிடக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். அதே பட்டியலில் 'பிரின்ட் ஸ்பூலர்' ஓடுகிறதா என்பதையும்.

இரண்டு, குரூப் பாலிசி. விண்டோஸில் எதை அனுமதிப்பது என்று அட்மின் வைக்கும் விதிகள் இவை. அதில் வரிசையாகத் திறக்க வேண்டியவை: கம்ப்யூட்டர் கான்ஃபிகரேஷன், அட்மினிஸ்ட்ரேட்டிவ் டெம்ப்ளேட்ஸ், விண்டோஸ் காம்போனன்ட்ஸ், ரிமோட் டெஸ்க்டாப் சர்வீசஸ், ரிமோட் டெஸ்க்டாப் செஷன் ஹோஸ்ட், பிரின்டர் ரீடைரக்ஷன். அதில் 'டு நாட் அலோ கிளையன்ட் பிரின்டர் ரீடைரக்ஷன்' எனேபிள் ஆகியிருந்தால் எந்த வீட்டுப் பிரின்டரும் உள்ளே வராது. அதற்குப் பக்கத்திலேயே 'யூஸ் ரிமோட் டெஸ்க்டாப் ஈசி பிரின்ட் பிரின்டர் டிரைவர் ஃபர்ஸ்ட்' என்று இன்னொன்று இருக்கும். அதைத் தொடாமல் விட்டாலே அது வேலை செய்யும்.

இந்த ஈசி பிரின்ட் பற்றி இரண்டு வரி சொல்லிவிடுகிறேன், டிரைவர் போட வேண்டாம் என்று ஆரம்பத்தில் சொன்னது இதனால்தான். ஒரு காலத்தில் வீட்டுப் பிரின்டரின் டிரைவர் அலுவலக சர்வரிலும் இருந்தால்தான் அச்சாகும். ஐம்பது பேர் ஐம்பது விதப் பிரின்டர் வைத்திருந்தால் சர்வரில் ஐம்பது டிரைவர். ஒரு மோசமான டிரைவர் ஸ்பூலரையே கவிழ்த்துவிடும். விண்டோஸ் சர்வர் 2008இல் ஈசி பிரின்ட் வந்தது. அலுவலகப் பக்கம் தாளை எக்ஸ்பிஎஸ் என்ற பொது வடிவத்தில் எழுதி அனுப்பிவிடும். பிரின்டருக்குப் புரியும் மொழிக்கு மாற்றும் வேலையை வீட்டு லேப்டாப்பில் இருக்கும் டிரைவரே செய்துகொள்ளும். ஆபீஸில் உங்கள் பிரின்டரைப் பற்றி ஒன்றும் தெரிய வேண்டியதில்லை. நம் ஊரில் வீட்டுக்கு வீடு இருக்கும் சின்ன லேசர் பிரின்டர்களுக்கு இது பெரிய வரம். எச்பி 1020, கேனன் எல்பிபி 2900 போன்றவை தாளை வரையும் வேலையைக் கம்ப்யூட்டரிடமே விட்டுவிடும் ரகம். அவற்றின் டிரைவரைச் சர்வரில் ஏற்றுவது தலைவலி.

இன்னொன்றும் இருக்கிறது. 2021 ஜூலையில் ஸ்பூலரில் ஒரு பெரிய ஓட்டை வெளியே வந்தது. பிரின்ட்நைட்மேர் என்று பெயர், சிவிஇ-2021-34527. அதே வருடம் ஆகஸ்டில் வந்த அப்டேட்டிலிருந்து, அட்மின் உரிமை இல்லாதவர் பிரின்டர் டிரைவர் நிறுவ முடியாதபடி விண்டோஸ் பூட்டு போட்டுவிட்டது. அதனால் "ஆபீஸ் கம்ப்யூட்டரிலும் டிரைவரைப் போடு" என்ற பழைய வைத்தியம் இன்று சாதாரணப் பயனரால் செய்யவே முடியாத ஒன்று.

---

தாம்பரம்_கோடர் | புதன், காலை 7.30

இதே இழையில் என் பிரச்சினையையும் கேட்கலாமா? அமெரிக்க மருத்துவமனைகளுக்கு மெடிக்கல் கோடிங் செய்கிறேன். சர்வர் அங்கே இருக்கிறது. நோயாளி விவரம் எதையும் அச்சடிக்க அனுமதி இல்லை, அதைத் தொடுவதுமில்லை. பயிற்சிக் கையேடுகள் மட்டும் அச்சடிக்கலாம் என்று எழுத்திலேயே கொடுத்திருக்கிறார்கள். வீட்டுப் பிரின்டர் பட்டியலில் வருகிறது, பிரின்ட்டும் போகிறது. ஆனால் பிரின்டர் ஆரஞ்சு விளக்கை மினுக்கிக்கொண்டு நிற்கிறது. தாள் நிறைய இருக்கிறது. ஓகே பொத்தானை ஒவ்வொரு பக்கத்துக்கும் அழுத்தினால் வருகிறது. 60 பக்கத்துக்கு 60 முறை!

---

பழைய_அட்மின் | புதன், காலை 8.20

உங்கள் பிரின்டர் பழுதில்லை. அது லெட்டர் தாள் கேட்டு நிற்கிறது.

அமெரிக்காவில் புழங்குவது லெட்டர் அளவு, 216க்கு 279 மில்லிமீட்டர். நம்முடையது ஏ4, 210க்கு 297. அவர்கள் தாள் ஆறு மில்லிமீட்டர் அகலம் கூட, பதினெட்டு மில்லிமீட்டர் உயரம் குறைவு. சர்வரில் இருக்கும் கோப்பு லெட்டர் அளவில் இருப்பதால், 'டிரேயில் லெட்டர் வை' என்று செய்தி வருகிறது. டிரேயில் ஏ4 இருப்பது பிரின்டருக்குத் தெரியும், அதனால் உங்களைக் கேட்கிறது.

சர்வருக்குள் போய், உங்கள் பிரின்டர் பெயரில் வலது சொடுக்கி 'பிரின்டிங் பிரிஃபரன்சஸ்' திறந்து தாள் அளவை ஏ4 ஆக்குங்கள். பிடிஎஃப் திறந்து அச்சடிக்கும்போது 'ஆக்சுவல் சைஸ்' வேண்டாம், 'ஃபிட்' தேர்ந்தெடுங்கள். கொஞ்சம் சுருங்கி வரும், படிக்கக் குறை இருக்காது.

---

தாம்பரம்_கோடர் | புதன், காலை 8.50

ஒரே தடவையில் 60 பக்கமும் வந்துவிட்டது. மூன்று மாதமாக இந்தப் பொத்தானை அழுத்திக்கொண்டிருந்தேன். ரொம்ப நன்றி சார்.

---

கோபி_கணக்கர் | புதன், மாலை 5.45

சார், நீங்கள் சொன்னதேதான்! ஆபீஸில் கம்ப்யூட்டர் பார்க்கும் தம்பியிடம் உங்கள் பதிவைக் காட்டினேன். அந்தப் போர்ட் ரீடைரக்டர் 'டிசேபிள்ட்' ஆகிக் கிடந்தது. போன வருடம் கம்ப்யூட்டர் மெதுவாக இருக்கிறது என்று யாரோ நிறுத்தி வைத்திருக்கிறார்கள். 'மேனுவல்' ஆக்கி ஓடவிட்டு, நான் வெளியே போய் மறுபடி நுழைந்ததும் வீட்டுப் பிரின்டரின் பெயர் வந்துவிட்டது. பெயருக்குப் பின்னால் 'ரீடைரக்டட் 2' என்று இருக்கிறது. டெஸ்ட் பேஜ் கொடுத்தேன். கோவையில் கொடுத்த தாள் என் கைக்கு எட்டும் தூரத்தில் சரசரவென்று வெளியே வந்தது. சூடு இல்லாத இங்க் பிரின்டர் தாள்தான், ஆனாலும் கையில் எடுத்து ஒரு நிமிடம் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

நோட்பேட், எக்செல் எல்லாம் வருகிறது. டாலி மட்டும் இன்னும் ஆபீஸ் பிரின்டருக்கே அனுப்பப் பார்க்கிறது. நல்லவேளை, திரையில் பெயரைப் பார்த்து நிறுத்திவிட்டேன்.

---

பழைய_அட்மின் | புதன், இரவு 9.15

மகிழ்ச்சி. இனி மிச்சம் முதல் கை மட்டும்.

அந்த 'ரீடைரக்டட் 2' என்பதைக் கவனியுங்கள். அந்த 2, உங்கள் செஷனின், அதாவது நீங்கள் நுழைந்திருக்கும் அமர்வின், எண். நாளைக்கு ஆபீஸ் கம்ப்யூட்டர் ரீஸ்டார்ட் ஆகி நீங்கள் நுழைந்தால் அது 3 ஆகலாம், 1 ஆகலாம். விண்டோஸைப் பொறுத்தவரை பெயர் மாறினால் அது வேறு பிரின்டர். பிரின்டரின் பெயரை நினைவில் வைத்திருக்கும் மென்பொருள், நேற்றைய பெயரைத் தேடும், கிடைக்காது. உடனே தனக்குத் தெரிந்த வேறொன்றுக்குப் போய்விடும். உங்கள் சம்பளப் பட்டியல் வரவேற்பறையில் கொட்டியதற்கும் இதுபோன்ற ஒன்றே காரணம்: வீட்டுப் பிரின்டர் இல்லை, இருந்தது ஆபீஸ் லேசர் ஒன்றுதான்.

இரண்டு காரியம் செய்யுங்கள். ஆபீஸ் கம்ப்யூட்டரின் செட்டிங்ஸில் 'பிரின்டர்ஸ் அண்ட் ஸ்கேனர்ஸ்' போய், 'லெட் விண்டோஸ் மேனேஜ் மை டீஃபால்ட் பிரின்டர்' என்பதை அணையுங்கள். அது ஓடினால், கடைசியாக எதில் அச்சடித்தீர்களோ அதையே டீஃபால்ட் ஆக்கிக்கொண்டிருக்கும். லேப்டாப்பிலும் அதை அணைத்து, யூஎஸ்பி பிரின்டரை டீஃபால்டாக வையுங்கள். பாலிசியில் வேறு மாதிரி சொல்லாத வரை, நீங்கள் நுழையும்போது உங்கள் லேப்டாப்பின் டீஃபால்ட் பிரின்டரே உள்ளேயும் டீஃபால்ட் ஆகும்.

அடுத்து டாலி. ரிமோட்டில் நுழைவதற்கு முன்பே அங்கே டாலி திறந்து கிடந்தால் அதை மூடிவிட்டு மறுபடி திறங்கள். பிரின்ட் திரையில் எந்தப் பிரின்டர் என்று காட்டும். அதை மாற்றிவிட்டு முதலில் ஒரே ஒரு பக்கத்தை அனுப்புங்கள். ரகசியத் தாளாக இருந்தால், பெயரைப் படித்துப் பார்க்காமல் எண்டர் தட்டாதீர்கள். இது பழக்கமாகிவிட வேண்டும்.

---

நாமக்கல்_லாரி_ஆபீஸ் | வியாழன், காலை 10.10

எங்களுக்கும் இப்படி ஒன்று. தலைமை அலுவலகத்தில் சாஃப்ட்வேர், நான் கிளையிலிருந்து ரிமோட்டில் பில் போடுகிறேன். மூன்று நகல் எடுக்கும் கார்பன் தாள், அதனால் டாட் மேட்ரிக்ஸ்தான் வேண்டும். பில் வருகிறது, ஆனால் ஒரு பில்லுக்கு ஒன்றரை நிமிடம் ஆகிறது. எழுத்தும் பொடிப் பொடியாகக் கோடு விழுந்து வருகிறது. லாரி வாசலில் நிற்கும், டிரைவர் சத்தம் போடுவார்.

---

பழைய_அட்மின் | வியாழன், பகல் 12.40

அண்ணா, உங்கள் இடத்தில்தான் ஈசி பிரின்ட் பொருந்தாது. அதன் வழியாக வந்தால் எழுத்து பிரின்டருக்குப் படமாகவே போய்ச் சேரும். டாட் மேட்ரிக்ஸ் 'A' என்ற ஆங்கில எழுத்தை ஒரு வீச்சில் அடிக்க முடியும், ஆனால் படமாகக் கொடுத்தால் வரி வரியாகத் திரும்பத் திரும்பப் போய் ஊசியால் குத்த வேண்டும். தாமதமும் கோடும் அதனால் வருவது.

தலைமை அலுவலகத்தில் அட்மினிடம் சொல்லி, நான் மேலே சொன்ன பாலிசியில் ஈசி பிரின்ட்டை முதலில் எடுக்க வேண்டாம் என்று மாற்றச் சொல்லுங்கள். உங்கள் கிளையில் இருக்கும் அதே டிரைவர், அதே பெயரில், ஓர் எழுத்துகூட மாறாமல் அங்கேயும் நிறுவியிருக்க வேண்டும். பெயர் பொருந்தவில்லை என்றால் விண்டோஸின் நிகழ்வுப் பதிவேடான இவன்ட் வியூவரில் 1111 என்ற எண்ணில் 'டிரைவர் தெரியவில்லை' என்று பதிவாகும். உங்கள் பில் வெறும் ஆங்கில எழுத்தும் எண்ணும் என்றால், இரு பக்கமும் 'ஜெனரிக் டெக்ஸ்ட் ஒன்லி' டிரைவர் போட்டுப் பாருங்கள். பிரின்டர் தன் சொந்த எழுத்திலேயே அடிக்கும். தமிழ் எழுத்து இருந்தால் அது வேலைக்கு ஆகாது.

---

லினக்ஸ்_நெல்லை | வியாழன், மதியம் 3.30

வீட்டில் லினக்ஸ் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வரி. ரெமினா என்ற ரிமோட் டெஸ்க்டாப் செயலியில் இணைப்பைத் திருத்தும் இடத்தில் 'ஷேர் பிரின்டர்ஸ்' என்ற கட்டத்தில் டிக் போடுங்கள். லினக்ஸ் பக்கம் ஈசி பிரின்ட் கிடையாது. 'எம்எஸ் பப்ளிஷர் இமேஜ்செட்டர்' என்ற போஸ்ட்ஸ்கிரிப்ட் டிரைவர் பெயரில் போகும். பெயரைப் பார்த்து வேறெதோ என்று அழித்துவிடாதீர்கள். அந்த டிரைவர் ஆபீஸ் விண்டோஸில் இருந்தால் போதும்.

---

தணிக்கை_துணை | வியாழன், மாலை 6.00

அட்மின் சார், நீங்கள் சொன்ன டிரைவ் வழியைச் செய்து பார்த்தேன். பென்டிரைவை மட்டும் காட்டினேன். நன்றாகவே வேலை செய்கிறது, வாட்ஸ்அப்பைவிட வேகம். ஒரு தமிழ்ச் சுற்றறிக்கை பிடிஎஃப் மட்டும் அச்சில் கட்டம் கட்டமாக வந்தது, திரையில் சரியாக இருக்கிறது. இதற்கு ஏதாவது?

---

பழைய_அட்மின் | வியாழன், இரவு 7.10

நல்லது. பழைய போனிலிருக்கும் நகல்களையும் நேரம் கிடைக்கும்போது அழித்துவிடுங்கள்.

கட்டத்துக்கு: அடோபி ரீடரில் பிரின்ட் பெட்டியில் 'அட்வான்ஸ்டு' அழுத்தி 'பிரின்ட் ஆஸ் இமேஜ்' டிக் போடுங்கள். எழுத்துருவைப் பிரின்டரிடம் விடாமல் பக்கத்தைப் படமாக்கி அனுப்பிவிடும். கொஞ்சம் மெதுவாக வரும், எழுத்து சரியாக வரும்.

---

கோபி_கணக்கர் | வெள்ளி, இரவு 9.00

நான்கு ஸ்டாக் ஸ்டேட்மென்டும் இன்று வீட்டிலேயே அச்சாகி, மூன்றில் கையெழுத்து வாங்கிவிட்டேன். நான்காமவர் ஊரில் இல்லை, நாளை வருகிறார். டாலியும் இப்போது சரியான பிரின்டரைக் காட்டுகிறது. நுழைந்ததும் பெயரைப் பார்க்கிறேன், இன்று 'ரீடைரக்டட் 3'.

இன்னொரு கேள்வி. நான் இல்லாத நேரத்தில் அப்பா போனிலிருந்து வைஃபையில் அச்சடிப்பார். என் லேப்டாப்பிலும் விபிஎன் இல்லாத நேரம் வைஃபைப் பிரின்டரைத்தான் பயன்படுத்துகிறேன். இங்கே மதியம் அடிக்கடி கரன்ட் போகிறது. வந்த பிறகு லேப்டாப்பில் வைஃபைப் பிரின்டர் 'ஆஃப்லைன்'. அப்பாவின் போனில் மட்டும் வேலை செய்கிறது.

---

பழைய_அட்மின் | சனி, காலை 7.45

கரன்ட் வந்ததும் ரவுட்டர் எல்லாருக்கும் புதிதாக எண் கொடுக்கிறது. நேற்று பிரின்டருக்கு 192.168.1.7 கிடைத்திருந்தால் இன்று 192.168.1.12 கிடைக்கலாம். போன் ஒவ்வொரு முறையும் பிரின்டரைப் புதிதாகத் தேடுகிறது, அதனால் கண்டுபிடித்துவிடுகிறது. லேப்டாப் பழைய 7ஆம் எண்ணின் கதவையே தட்டிக்கொண்டிருக்கிறது.

ரவுட்டரின் பக்கத்தில் நுழைந்து, இப்படி எண் கொடுக்கும் வேலையைக் கவனிக்கும் 'டிஎச்சிபி' பிரிவில் 'அட்ரஸ் ரிசர்வேஷன்' தேடுங்கள். சில ரவுட்டரில் 'ஸ்டாட்டிக் லீஸ்' என்று இருக்கும். பிரின்டரின் மேக் முகவரியை (அந்தக் கருவிக்கே உரிய அடையாள எண்) கொடுத்து ஓர் எண்ணை அதற்கே ஒதுக்கிவிடுங்கள். மேக் முகவரி பிரின்டரின் நெட்வொர்க் தகவல் பக்கத்தை அச்சடித்தால் கிடைக்கும். பிறகு லேப்டாப்பில் பிரின்டரின் 'போர்ட்ஸ்' பக்கத்தில் அந்த எண்ணை ஒரு ஸ்டாண்டர்டு டிசிபி ஐபி போர்ட்டாகப் போடுங்கள். அதன் 'கான்ஃபிகர் போர்ட்' உள்ளே 'எஸ்என்எம்பி ஸ்டேட்டஸ் எனேபிள்ட்' டிக் இருந்தால் எடுத்துவிடுங்கள். பிரின்டர் நன்றாக இருக்கும்போதே ஆஃப்லைன் என்று காட்டுவதற்கு அதுவும் ஒரு காரணம்.

க்யூவில் ஏதாவது பழைய தாள் சிக்கிக் கிடந்தால் 'பிரின்ட் ஸ்பூலர்' சர்வீஸை நிறுத்தி, சி டிரைவில் விண்டோஸ், சிஸ்டம்32, ஸ்பூல், பிரின்டர்ஸ் என்ற கோப்புறைக்குள் இருப்பதை மட்டும் அழித்து, மறுபடி ஓடவிடுங்கள். கோப்புறையை அழிக்க வேண்டாம்.

---

கோபி_கணக்கர் | ஞாயிறு, காலை 11.20

பிரின்டருக்கு 192.168.1.50 ஒதுக்கிவிட்டேன். எஸ்என்எம்பி டிக்கையும் எடுத்தாயிற்று. இன்று காலை அப்பாவிடம் சொல்லி வேண்டுமென்றே மெயினை அணைத்துப் பத்து நிமிடம் கழித்துப் போட்டோம். அதே 50. லேப்டாப்பிலிருந்து கொடுத்ததும் தாள் வந்தது. நான்காமவரும் சீல் வைத்துக் கொடுத்துவிட்டார்.